கரண்ட் போவுதான்னு பாரு

இன்று சாயங்காலம் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இறங்கும்போது உன் வாசனை வந்தது. சென்ட் வாசனை இல்லை, நீ என்றைக்கு சென்ட் போட்டாய்? பிளாட்பாரத்தில் யாரோ நாலைந்து தெர்மகோல் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். பழுப்பு டேப் போட்டு இறுக்கி ஒட்டியிருந்தும் ஐஸ் உருகி ஓரத்தில் வழிந்துகொண்டிருந்தது. மீனும் தெர்மகோலும் ஈரமும் கலந்த அந்த வாசம். இடுப்பில் இருந்த யாழினி மூக்கைப் பொத்திக்கொண்டு, "ம்மா, நாத்தம்" என்றாள். நான் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர், "நவுரும்மா, வழியில நின்னுக்கிட்டு" என்று அதட்டிய பிறகுதான் கால் நகர்ந்தது.

சிதம்பரத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தோம். அவர் யாழினியின் இடது முழங்கையில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு, வழக்கத்தைவிட ஜாஸ்தி நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். "லேசா ஒரு சத்தம் கேக்கற மாதிரி இருக்கு. இல்லாமயும் இருக்கலாம். எதுக்கும் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்துடுவோம்" என்றார். நாளைக் காலை மஞ்சக்குப்பத்தில் ஸ்கேன். அந்தச் சத்தம் திரும்பி வந்திருந்தால் குழந்தைக்கு இன்னொரு ஆபரேஷன். முதல் ஆபரேஷனில் அவள் கையையே இழக்க இருந்தோம். அது உனக்குத் தெரியாது. நீ போன பிறகு நடந்தது. அதைச் சொல்லத்தான் எல்லோரும் படுத்த பிறகு உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் எம்.பில். படித்த அந்த லேபில் திரவ நைட்ரஜன் ஊற்றி வைக்க ஒழுங்கான பாத்திரம் கிடையாது, ஞாபகம் இருக்கிறதா? இருந்த ஒன்றிலும் விரிசல். புதிதாகக் கேட்டு எழுதிப் போட்டு நாம் காத்திருந்தபோது, ஒரு திங்கட்கிழமை நீ பிச்சாவரம் பக்கத்து உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினாய். உங்கள் அண்ணன் ஐஸ் போட்டு மீன் அனுப்புகிற தெர்மகோல் பெட்டி. "ஐஸையே நாள் முழுக்க தாங்குது, இது தாங்காதா?" என்று கேட்டாய். தாங்கியது. ஆனால் ஒவ்வொரு தடவையும் நைட்ரஜனை ஊற்றினால் வெள்ளைப் புகையோடு வஞ்சிர மீன் வாசமும் எழும்பும்.

"நைட்ரஜனுக்கு வாசனையே கிடையாதுன்னு நான் கிளாஸ்ல நடத்தறேன்" என்று நம்முடைய சார் வாசலிலேயே நின்று சொன்னார். "இந்த லேபுக்கு வந்தா எனக்கே சந்தேகம் வருது."

"நாலு தடவ கழுவித்தான் சார் எடுத்தாந்தேன். போவலன்னா நான் இன்னா பண்றது?"

"வத்தக் கொழம்பு வெச்சா சரியாப்போவும்" என்று நான் சொன்னதற்கு நீ ஸ்பூனாலேயே என் முழங்கையில் அடித்தாய். பேரியமும் காப்பரும் எடைபோடும் ஸ்பூன்.

இட்ரியம், பேரியம், காப்பர் மூன்றின் பொடியையும் கல்வத்தில் போட்டுத் தோள் கழன்றுபோகும் வரை அரைத்து, உலையில் சுட்டெடுத்தால் பத்து ரூபாய்க் காசு மாதிரி ஒரு கறுப்பு வில்லை. அதன்மேல் வெள்ளிப் பசையால் நாலு மெல்லிய கம்பிகள். வெளிக் கம்பிகள் ரெண்டும் கரண்டை அனுப்பும், உள்ளே இருக்கிற ரெண்டும் எவ்வளவு தடை என்று மீட்டருக்குச் சொல்லும். வில்லையைக் குளிர்வித்துக்கொண்டே போனால் தடை மெதுவாகக் குறைந்து, ஒரு இடத்தில் தடாலென்று விழுந்து ஒன்றுமில்லாமல் போகும். அதுதான் மீகடத்தல். அதற்கப்புறம் அந்த வில்லைக்குள் கரண்ட் எதையும் இழக்காமல் ஓடும். வளையமாகச் செய்து ஒரு தடவை ஓடவிட்டால் பின்னால் யாரும் தள்ளவே வேண்டாம், அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். "எங்கண்ணி பேச்சு மாதிரி" என்பாய்.

அந்த மத்தியானத்தையும் நீ மறந்திருக்க மாட்டாய். வில்லை குளிர ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நைட்ரஜன் மட்டம் இன்னும் அதைத் தொடக்கூட இல்லை. மீட்டரில் எண் விழுந்து பூஜ்யத்தில் நின்றது. அவ்வளவு சீக்கிரம், அவ்வளவு குறைந்த குளிரிலேயே! உலகத்தில் யாரும் பார்க்காததைச் சிதம்பரத்தில் மீன் பெட்டிக்குள் பார்த்துவிட்டோம் என்று நான் கத்திக்கொண்டே சார் அறைக்கு ஓடினேன். பக்கத்து லேப் பையன்கள், லைப்ரரிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். நீ மட்டும் மல்டிமீட்டரின் ரெண்டு முனைகளையும் கையில் வைத்துக்கொண்டு பெட்டிக்குள் குனிந்திருந்தாய்.

"அதுக்குள்ள சாரைக் கூப்ட்டியா? கரண்ட் போவுதான்னு பாத்தியாடி முதல்ல?"

பார்க்கவில்லை. வெளிக் கம்பி ஒன்று பசை வெடித்து மயிரிழை தூக்கிக்கொண்டு நின்றது. நம்முடைய பழைய கரண்ட் பெட்டி, கம்பி அறுந்தாலும் வாயைத் திறந்து சொல்லாது. வில்லைக்குள் கரண்டே போகவில்லை. போகாத கரண்டுக்குத் தடை எங்கிருந்து வரும்?

சார் மூச்சு வாங்க வந்து நின்று, "எங்க ஜீரோ?" என்றார்.

"வந்துச்சு சார். வந்துட்டுப் போயிடுச்சு" என்றாய் நீ.

"பஸ்ஸா அது, வந்துட்டுப் போறதுக்கு?"

அவர் போன பிறகு மல்டிமீட்டரை என் கையில் திணித்துவிட்டுச் சொன்னாய்: "ஜீரோ வந்தா உடனே சந்தோஷப்படாத. முதல்ல பயப்படு. தடையே இல்லாம ஓடுனாலும் ஜீரோதான், சுத்தமா ஓடாம நின்னுட்டாலும் ஜீரோதான். மீட்டருக்கு வித்தியாசம் தெரியாது. நீதான் கரண்ட் போவுதான்னு தனியா போய்ப் பாக்கணும்." அதன் பிறகு எண் விழுந்தாலே நம் ரெண்டு பேர் கையும் தானாக மல்டிமீட்டருக்குப் போகும். கடைசியில் நிஜமான பூஜ்யம் வந்த அன்றுகூட நாம் கைதட்டியது, அந்தச் சோதனை முடிந்த பிறகுதான்.

எனக்குக் கல்யாணமாகிக் கடலூருக்கு வந்தேன். நீ ஆராய்ச்சியிலேயே இருந்தாய். வில்லை சுடுவதை விட்டுவிட்டு, எந்தக் கலவை மீகடத்தியாகும் என்று கம்ப்யூட்டரைக் கணிக்க வைக்கப் போவதாகச் சொன்னாய். ஏற்கெனவே செய்து பார்த்தவற்றின் விவரங்களைக் கொடுத்தால் அது தானே கற்றுக்கொள்ளும், புள்ளியியல் வழியாகக் கற்றல் என்று பெயர். அதுவும் சுலபமாக இல்லை. ஒருநாள் போனில் நீ கத்தினது என் மாமியாருக்குக்கூடக் கேட்டது.

"மூதேவி மிஷின், இன்னா குடுத்தாலும் ஆவும் ஆவும்னுது! செங்கல்பொடியக் குடுத்தாக்கூட மீகடத்திதான்னு சொல்லும் போல."

"ஏண்டி?"

"ஏன்னா, உலகத்துல எவனும் தோத்துப்போன வில்லைய எழுதி வைக்கல. ஜெயிச்சதத்தான் எழுதிருக்கான். தோல்வின்னா இன்னான்னே அதுக்குத் தெரியல. அதுமேல எனக்கு இன்னா கோவம் வரும்? பாவமாத்தான் இருக்குது."

அதை நான் அப்போது சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

யாழினியைப் பார்க்க நீ ஒரே ஒரு தடவை வந்தாய். அவளுக்கு ஒரு வயது முடிந்திருந்தது. இடது முழங்கைக்குக் கீழே வெதுவெதுப்பாக, சிவந்த ஒரு திட்டு. செம்மச்சம், அதிர்ஷ்டம் என்று அத்தை சொல்லியிருந்தார்கள். நாங்களும் அப்படியே நினைத்திருந்தோம். நீ அவள் கையைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தவள் சட்டென்று பேச்சை நிறுத்தினாய். விரலை எடுத்தாய், திரும்ப வைத்தாய்.

"இன்னாடி இது, ஹம் அடிக்குது?"

நம் லேபில் எர்த் சரியில்லாத நாட்களில் எல்லாக் கருவியிலும் ஒரு ரீங்காரம் ஓடுமே, அதன் பெயர். "உன் பொண்ணுக்கு எர்த் குடுக்க மறந்துட்டியா?" என்று சிரித்தாய். உடனே சிரிப்பை விட்டுவிட்டு, "டாக்டர்கிட்ட காட்டு. நாளைக்கே காட்டு" என்றாய். என் விரலையும் எடுத்து அங்கே வைத்தாய். தோலுக்கு அடியில் குளவிக்கூடு மாதிரி ஒரு அதிர்வு. அன்றைக்கு ஆரம்பித்த பயம்.

தமனியும் சிரையும் நடுவில் நுண்குழாய்கள் இல்லாமல் நேரடியாகப் பின்னிக்கொண்டு முடிச்சாகியிருக்கின்றன, ரத்தம் தடையில்லாமல் பாய்கிறது, அதுதான் அந்தச் சத்தம் என்று டாக்டர் சொன்னார். வளர்ந்தால் கை வீங்கும், புண்ணாகும், இதயத்துக்கும் பாரம். மூன்று வயதானதும் ஆபரேஷன் செய்யலாம் என்றார். அதைச் சொல்ல உன்னைக் கூப்பிட்டபோது நீ படகுத்துறையில் வழுக்கிக் கணுக்கால் ஒடிந்து, மாவுக்கட்டோடு வீட்டில் படுத்திருந்தாய். "நான் எழுந்து நடக்கட்டும், ஆபரேஷனுக்கு நானே வந்து உக்காந்துக்கறேன்" என்றாய்.

கட்டு பிரிக்கும் முன்பே போய்விட்டாய். காலில் உறைந்த ரத்தம் நகர்ந்து நுரையீரலை அடைத்துவிட்டதாம். உங்கள் அண்ணன் என்னிடம் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னார்: "நாலு நாளா கெண்டைக்கால் வலிக்குதுன்னு இருந்துச்சும்மா. அன்னிக்குக் காலையில, வலியே இல்லண்ணா, சுத்தமா போயிடுச்சுன்னு சிரிச்சிக்கிட்டுச் சொல்லிச்சு."

உன் வீட்டு வாசலில் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். ஓரமாகத் தெர்மகோல் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பூஜ்யத்தைப் பார்த்துப் பயப்படச் சொன்னவள் நீ. உன் காலுக்கு அதை யார் சொல்லியிருப்பார்கள்?

ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் தைரியம் சொன்னார்கள். "எங்க ஓரகத்தி பொண்ணுக்கு இதயத்துலயே ஆபரேஷன், இன்னிக்கு ஸ்கூல்ல ஓட்டப்பந்தயம் ஓடுது." "நெய்வேலியில ஒரு பையனுக்கு இதேதான், ஜம்முன்னு இருக்கான்." ஒவ்வொரு நல்ல கதைக்கும் என் பயம் ஏறியது. என் வீட்டுக்காரர் கேட்டார், "எல்லாரும் நல்லதுதானடி சொல்றாங்க, ஏன் மூஞ்சி இப்படிப் போவுது?" எப்படிச் சொல்வேன்? ஆபரேஷன் சரியாகாத குழந்தையின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டே கதை சொல்ல மாட்டாள். தோத்த வில்லையை யாரும் எழுதி வைக்கவில்லை என்று உன் குரல் காதுக்குள்ளேயே கேட்டது. உன் மிஷினைவிட நான் பரவாயில்லை, எனக்குத் தோல்வி தெரியும். அது ஒன்றும் ஆறுதலாக இல்லை.

ஆபரேஷன் முடிந்து மத்தியானம் அவளை வார்டுக்குக் கொண்டு வந்தார்கள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கட்டு. விரல் நுனிகள் மட்டும் வெளியே. கட்டுக்கு மேலே, புஜத்தின் உட்பக்கம் வரை முன்பு அந்த அதிர்வு ஏறி வரும். சாயங்காலமாக அங்கே விரலை வைத்தேன். ஒன்றுமே இல்லை.

"மாமா, இங்க தொட்டுப் பாருங்க. ஹம் இல்ல."

அவர் தொட்டுப் பார்த்தார். முகம் அப்படி மலர்ந்தது. அத்தை நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தார்கள். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காத மனுஷன், போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் என் தம்பியிடம் சத்தமாகச் சொன்னார்: "சுத்தமா நின்னுடுச்சு மச்சான். ஆமா, ஒண்ணுமே இல்ல. ஜீரோ!"

அந்த வார்த்தைதான். கையில் பிடித்திருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். மீட்டருக்கு வித்தியாசம் தெரியாது. கட்டில் பக்கத்துத் திரையில் எல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அதன் சிவப்பு வெளிச்சக் கிளிப் மாட்டியிருந்தது அவளுடைய வலது கை விரலில். இடது கை எந்த மீட்டரிலும் இல்லை. அந்தக் கையின் விரல் நுனிகளைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. ஏ.சி. குளிராக இருக்கும் என்று வலது கையைத் தொட்டேன். அது சூடாக இருந்தது. வலது கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டேன், வெளுத்து உடனே சிவந்தது. இடது நகத்தை அழுத்தினேன். வெளுத்தது. வெளுத்தபடியே இருந்தது.

"சிஸ்டர்!"

"இப்பத்தாம்மா பாத்துட்டுப் போனேன், நல்லா இருந்துச்சே" என்று சொல்லிக்கொண்டே வந்த நர்ஸ், விரலைத் தொட்டதும் பேச்சை நிறுத்திவிட்டு ஓடினார். டாக்டர் கையடக்கமான டாப்ளர் கருவியோடு வந்தார். ரத்தம் ஓடுகிற சத்தத்தைக் கேட்கவைக்கும் கருவி. வலது மணிக்கட்டில் வைத்ததும் சாட்டை சொடுக்குகிற மாதிரி வுஷ், வுஷ் என்று கேட்டது. இடது பக்கக் கட்டை விலக்கி வைத்தார். அமைதி. "ஜெல் சரியா பட்டுச்சா டாக்டர்?" என்று கேட்டேன். கேட்டது நான் இல்லை, என் வாயில் நீதான். அவர் கோபப்படாமல் இன்னும் கொஞ்சம் ஜெல் தடவித் திரும்ப வைத்தார். அதே அமைதி.

தைத்த இடத்துக்குப் பக்கத்தில் தமனிக்குள் ரத்தம் உறைந்துவிட்டது, இது நடக்கக்கூடியதுதான், உடனே திறந்து எடுக்க வேண்டும் என்றார். ஸ்ட்ரெச்சர் பின்னால் ஓடும்போது அத்தை, "ஹம் போச்சுன்னு சந்தோஷமா இருந்தோமேடி" என்று அழுதார்கள். தியேட்டர் கதவுக்கு வெளியே எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அது ஒன்றுதான் ஞாபகம்.

டாக்டர் வெளியே வந்து, "துடிப்பு வந்துடுச்சு. கை தப்பிச்சுது" என்றார். மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டே, "நீங்க நர்ஸா?" என்று கேட்டார்.

"இல்ல சார். ஃபிசிக்ஸ்."

"ஃபிசிக்ஸ்ல நகத்த அழுத்திப் பாக்கவா சொல்லித் தராங்க?"

பதில் சொல்வதென்றால் மீன் பெட்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

அன்றிலிருந்து அவளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் என் விரல் அவள் மணிக்கட்டுக்குப் போய்விடுகிறது. சோறு ஊட்டும்போது, தலை வாரும்போது, பஸ்ஸில், சில்வர் பீச் மணலில். "விடுடி, கை தேஞ்சிடப் போவுது" என்கிறார் அவர். யாழினிக்குப் பழகிவிட்டது. நான் பக்கத்தில் போனாலே விளையாட்டை நிறுத்தாமல் இடது கையை மட்டும் பின்னால் நீட்டி, "இந்தா" என்கிறாள். போன வாரம் தன் பொம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கடுகடுவென்று வைத்து, "போவுதா?" என்று கேட்டாள். பொம்மைக்காகக் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு அவளே, "போவுது" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, என் பயத்தைக் குழந்தைக்கும் கொடுத்துவிட்டேனோ என்றும் தோன்றியது.

நாளைக் காலை அவளுடைய கொலுசையும் வெள்ளி அரைஞாணையும் கழற்ற வேண்டும். காந்தத்துக்குப் பக்கத்தில் எந்த உலோகமும் கூடாது என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். அந்த எந்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஹீலியத்தின் குளிரில் மூழ்கிய மீகடத்திச் சுருள். அதை நிறுவிய நாளில் ஓடவிட்ட கரண்ட், யாரும் தள்ளாமல் இந்த நிமிஷமும் அங்கே சுற்றிக்கொண்டிருக்கும். உங்கண்ணி பேச்சு மாதிரி. அந்தச் சுருளுக்கு நடுவில்தான் என் குழந்தையை மயக்கம் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். நீ இருந்திருந்தால் ஸ்கேன் சென்டர்காரரிடம் ஹீலியம் எவ்வளவு ஊற்றுகிறீர்கள், எப்போது நிரப்புகிறீர்கள் என்று குடைந்து எடுத்திருப்பாய். நான் வெட்கப்பட்டு உன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்திருப்பேன். பயப்படக் கொஞ்சம் நேரம் குறைந்திருக்கும்.

இத்தனை மாதம் பூஜ்யத்துக்குப் பயந்தேன். இப்போது அந்தச் சத்தம் பூஜ்யமாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இதை எழுதும்போது நடுவில் எழுந்து போய் அவளிடம் உட்கார்ந்தேன். நான் தொடும் முன்பே, தூக்கத்திலேயே போர்வைக்கு வெளியே இடது கையை நீட்டினாள். தழும்புக்கு மேலே ஒரு விரலை வைத்தேன். ஏதோ அதிர்கிற மாதிரி இருக்கிறது. என் விரல் நுனியில் அடிக்கிற என் ரத்தமாகவும் இருக்கலாம். எடுத்து வைத்து, எடுத்து வைத்துப் பார்த்தேன். பிரிக்கத் தெரியவில்லை. அதை நாளைக்கு அந்தக் காந்தம்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு விரலை மணிக்கட்டில் வைத்தேன். அது மட்டும் சந்தேகமில்லாமல், சின்னதாக, விடாமல் தட்டுகிறது.

கரண்ட் போவுதுடி.